பூட்டு இல்லாத நாட்கள் எத்தனை?

கேள்வி: பின்தங்கிய பகுதியில் உள்ள ஒரு சுகாதார நிலையத்தை நம்பலாமா என்பதை எப்படி அளப்பது? கட்டடம், பணியாளர் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. பதிவேட்டில் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும். நேரில் போனால் பூட்டு தொங்கும். முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல். அதுவும் ஒருமுறை அல்ல, பலமுறை.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, ஆங்கஸ் டீட்டன், எஸ்தர் டஃப்லோ ஆகியோர் இப்படி ஆய்வு செய்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். வாரந்தோறும் ஆள் போய்ப் பார்த்ததில், வேலை நேரத்தில் துணை சுகாதார நிலையங்கள் 56 சதவீத நேரம் மூடியே இருந்தன. அங்கே பணிபுரியும் செவிலியர் கிராமங்களுக்குப் போயிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். தேடிப் பார்த்தபோது பெரும்பாலும் அங்கேயும் இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: எந்தக் கிழமை திறந்திருக்கும், எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதில் ஒழுங்கே இல்லை. வாரம் இரண்டே நாள் திறந்தாலும், அந்த நாள் தெரிந்தால் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வருவாள். தெரியாவிட்டால் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை நடப்பாள்? காசு கொடுத்துத் தனியாரிடம்தான் போவாள்.

பின்னர் அதே மாவட்டத்தில் செவிலியர் வருகையை நேரமுத்திரைக் கருவியால் பதிவு செய்தார்கள். முதலில் வருகை கூடியது. ஆனால் சுகாதாரத் துறையே, செவிலியர் நிலையத்துக்கு வரத் தேவையில்லாத விலக்கு நாட்களைத் தாராளமாக அனுமதிக்க, சுமார் 16 மாதங்களில் பலன் கரைந்துபோனது. ஆகவே விலக்கு அளிக்கப்பட்ட நாட்களையும் மூடிய நாட்களோடு சேர்த்தே எண்ணுங்கள்.