அரங்கம் கேட்கும் முன் நாட்காட்டியை எடுங்கள்

குமரி மாவட்டத்தில் விளையாட்டு ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒரு கோரிக்கையில்தான் வந்து முடியும்: நாகர்கோவிலுக்கு ஒரு பெரிய பல்நோக்கு விளையாட்டரங்கம் வேண்டும். கேட்பதில் நியாயம் உண்டு. இரவிபுத்தன்துறையிலிருந்து கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். லீக் வரை போனார். கடலோர ஊர்களில் சாயங்காலமானால் பந்து உருளாத மணல் இல்லை. மாவட்டத் தலைநகரின் அண்ணா விளையாட்டரங்கமோ தடகளப் பயிற்சியிலிருந்து குடியரசு தின அணிவகுப்பு வரை எல்லாவற்றையும் தாங்குகிறது.

ஆனால் கட்டுவது ஒரு முறைச் செலவு, நடத்துவது ஆயுள் செலவு. இதற்குப் பாடம் படிக்க வெகுதூரம் போக வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், திருவனந்தபுரம் காரியவட்டத்தில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் கட்டிய கிரீன்ஃபீல்டு அரங்கம் இருக்கிறது. அங்கும் பிற ஊர்களிலும் நடந்ததை வைத்து, மனு எழுதுகிறவர்களுக்கும் அதில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் சில யோசனைகள்.

செய்ய வேண்டியவை

1. இருக்கையை எண்ணும் முன் நாளை எண்ணுங்கள். அரங்கத்துக்குச் சோறு போடுவது வாடகைக்குப் போகும் நாட்கள். ஒரு பேச்சுக்கு, ஆண்டுப் பராமரிப்பு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் மட்டுமே வாடகைக்குப் போனால் நாளுக்கு 3 லட்சம் வாங்கியாக வேண்டும். உள்ளூர் கால்பந்து சங்கம் வாசல்படியே ஏறாது. 150 நாள் போனால் 40 ஆயிரம் போதும். 12 மாதத் தாளை மேசையில் விரித்து, யார் யார் எந்தெந்த நாளில் வருவார்கள் என்று நிரப்பிப் பாருங்கள். பாதிக் கட்டம் காலியாக இருந்தால் அரங்கத்தின் அளவைக் குறையுங்கள்.

2. மழையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை திறந்தவெளி நாட்களை நம்ப முடியாது. காரியவட்டத்தின் முதல் சர்வதேச கிரிக்கெட், 2017 நவம்பர் 7-இல் நியூசிலாந்துடன் நடந்த டி20, மழையால் அணிக்கு 8 ஓவராகச் சுருங்கியது. வடிகால் நன்றாக இருந்ததால் அந்த அளவாவது ஆட முடிந்தது. கையில் காசு குறைவென்றால் கேலரியைக் குறைத்து, வடிகாலுக்கும் ஒரு நல்ல உள்ளரங்கத்துக்கும் ஒதுக்குங்கள். வாலிபால், கபடி, பேட்மிண்டன் மூன்றும் ஒரே கூரையின் கீழ் மழைக்காலத்திலும் நடக்கும். இடையில் சதுரங்கப் போட்டியோ மாநாடோ நடத்தலாம். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது சென்னை நேரு உள்விளையாட்டரங்கில்தான்.

3. ஒரே இடத்தில் பல அணிகளைக் குடிவையுங்கள். ஊருக்கொரு அரங்கம் கட்டினால்தான் லீக் நடத்தலாம் என்பதில்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய கேரள கிரிக்கெட் லீகின் ஆறு அணிகளும் எல்லா ஆட்டத்தையும் காரியவட்டத்திலேயே ஆடின. கோழிக்கோட்டு அணிக்கும் அதுதான் களம். ஒரே ஃப்ளட்லைட், ஒரே ஒளிபரப்பு ஏற்பாடு, ஒரே பராமரிப்புக் குழு. ஆறு இடத்தில் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தாலியில் ஏ.சி. மிலான், இன்டர் என்ற இரண்டு கால்பந்து கிளப்புகளும் 1947 முதல் சான் சீரோ அரங்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. குமரியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் ஆறு அணி வைத்து ஒரே களத்தில் கால்பந்து லீக் நடத்த முடியாதா என்ன?

4. தேதி முன்னுரிமையை எழுத்தில் வையுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1999-இல் திறந்த ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ் என இரண்டு கூடைப்பந்து அணிகளும், கிங்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியும் குடியிருந்தன. அடியில் பனித்தளம் அப்படியே இருக்கும். அதன்மேல் வெப்பம் தடுக்கும் பலகை, அதன்மேல் துண்டு துண்டாகப் பூட்டும் மரத்தரை. சில மணி நேரத்தில் ஹாக்கிக் களம் கூடைப்பந்துக் களமாகிவிடும். தொழில்நுட்பம் இவ்வளவு இருந்தும் நல்ல தேதிகள் எப்போதும் மற்ற இருவருக்குப் போகவே, கிளிப்பர்ஸ் 2024-இல் சொந்த அரங்கத்துக்குப் போய்விட்டது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதல்ல: யாருக்கு எந்த நாள், எத்தனை மணி, மழையால் தள்ளிப்போனால் ஈடு எப்போது என்பது தாளில் இருக்க வேண்டும். கடைமடையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் முறையை முதலில் எழுதுங்கள்.

5. புல்தரைக்குத் தனி டெபாசிட் வாங்குங்கள். கச்சேரிக்கோ பொருட்காட்சிக்கோ விடும்போது லாரி எந்த வழியில் வரும், மேடைக் கால் எங்கே ஊன்றும், தரைக்கு மேல் என்ன விரிப்பார்கள் என்பதை வரைபடமாகக் கேளுங்கள். பந்தல் பிரித்த மறுநாள் ஒருவர் காந்தம் கட்டிய கம்போடு நடந்து ஆணி பொறுக்க வேண்டும். கடப்பாரைக் குழிகளை மணல் போட்டு நிரப்பிப் புல் பதித்த பிறகே பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தற்காலிக மேடைக்குப் பொறியாளர் சான்றும் கட்டாயம். கொச்சி நேரு அரங்கில் 2024 டிசம்பர் இறுதியில் ஒரு நடன நிகழ்ச்சியின்போது, எம்.எல்.ஏ. உமா தாமஸ் தற்காலிக மேடையிலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார்.

6. மின்கட்டணம் யார் பொறுப்பு என்று பெயர் போடுங்கள். ஃப்ளட்லைட்டுக்கு எச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்பு எடுத்தால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாதாமாதம் டிமாண்ட் சார்ஜ் வரும். 2022 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவுடனான டி20-க்குச் சில நாட்களே இருந்தபோது, இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று காரியவட்டம் அரங்கின் மின்சாரத்தைக் கேரள மின்வாரியம் துண்டித்தது.

செய்யக்கூடாதவை

1. ஒரு விளையாட்டுக்காக இன்னொன்றின் தரையைத் தோண்டாதீர்கள். 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகக் கொச்சியில் ஃபிஃபா தரத்தில் புல்தரை போட்டார்கள். சில மாதங்களிலேயே மேற்கிந்தியத் தீவுகளுடனான ஒருநாள் போட்டிக்கு நடுவில் பிட்ச் வெட்டப் பேச்சு எழுந்தது. கால்பந்து வீரர் சுனில் சேத்ரி எதிர்த்தார். கிரிக்கெட்காரரான சச்சினும் எதிர்த்தார். கடைசியில் ஆட்டம் 2018 நவம்பர் 1-இல் காரியவட்டத்தில் நடந்தது. பல்நோக்கு என்று போர்டு எழுதுவதற்கு முன், எந்த இரண்டு விளையாட்டு ஒரே தரையில் ஒத்துப்போகும் என்று பாருங்கள்.

2. ஓட்டக்காரரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். பெங்களூரு கண்டீரவா அரங்கில் கால்பந்து கிளப்புக்கும் தடகள வீரர்களுக்கும் இடையிலான பயிற்சி நேரச் சண்டை உயர் நீதிமன்றம் வரை போனது. வாடகை தரும் கிளப்புக்குச் சாயங்காலம் முழுவதையும் தூக்கிக் கொடுத்தால், வரிப்பணத்தில் போட்ட சிந்தெடிக் டிராக் யாருக்கு?

3. ஒப்புக்கொண்ட தேதியில் வேறு நிகழ்ச்சியை நுழைக்காதீர்கள். 2021-இல் காரியவட்டம் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனது. அதே சமயத்தில் இந்திய, தென்னாப்பிரிக்க மகளிர் தொடரை நடத்தும் வாய்ப்பு கைநழுவியது. ஆட்டங்கள் லக்னோவில் நடந்தன. அரசு நிகழ்ச்சிக்கும் காலண்டரில் முன்கூட்டியே கட்டம் ஒதுக்க வேண்டும்.

4. பெரிய ஆட்டம் வந்தால் கூட்டம் தானாக வரும் என்று நம்பாதீர்கள். 2023 ஜனவரி 15-இல் காரியவட்டத்தில் இலங்கையை இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் இவ்வளவு வித்தியாசத்தில் வென்றதில்லை. கோலி 166 அடித்தார். கேலரியோ பெரும்பாலும் காலி. டிக்கெட் விலையும் கேளிக்கை வரி உயர்வும் அதற்கு முன்பே சர்ச்சையாகியிருந்தன. டிக்கெட் விலையை ஆட்டம் நடத்தும் சங்கம் மட்டுமே தீர்மானிக்க விடாதீர்கள்.

5. கடனைப் பேரன் தலையில் கட்டாதீர்கள். 1976 ஒலிம்பிக்குக்கு மான்ட்ரியால் கட்டிய அரங்கின் கடன் 2006-இல்தான் அடைந்தது. தனியார் கட்டி நடத்தட்டும் என்று ஒதுங்கினாலும் தலைவலி தீராது. காரியவட்டத்தைக் கட்டிய ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமமே 2018-இல் கடனில் மூழ்கியது. நடத்துகிறவர் நொடித்தால் சாவி யாரிடம் வரும், பணியாளர் சம்பளம் யார் தருவார் என்பது ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

6. சின்னதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். தமிழக அரசு தொகுதிக்கொன்றாக அறிவித்த சிறு விளையாட்டரங்கத் திட்டம் இருக்கிறது. கடலோரத்தில் ஒன்று, மலையடிவாரத்தில் ஒன்று, நகரத்தில் ஒரு உள்ளரங்கம் என்று பிரித்துக் கேட்டால், பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் தினமும் ஆடுவார்கள். 50,000 பேர் வரும் ஆட்டத்துக்குத்தான் ரயிலேறினால் காரியவட்டம் இருக்கிறதே.

7. திறப்பு விழாவோடு கணக்கை மூடாதீர்கள். கல்வெட்டில் பெயர் பொறித்த கையோடு இன்னொரு பலகையும் வையுங்கள்: போன ஆண்டு எத்தனை நாள் பயன்பட்டது, யாரிடம் எவ்வளவு வாடகை வந்தது, பராமரிப்புக்கு எவ்வளவு போனது, பள்ளிகளுக்கு இலவசமாக எத்தனை நாள். ஆண்டுக்கொரு முறை இந்த நாலு வரியை மாற்றி எழுதினால் போதும். அடுத்த அரங்கம் கேட்டு மனுப் போடும்போது இதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது.