ஜீப்புக்குப் படி பொருத்துதல்: நாமே செய்வதா, கடைக்குக் கொடுப்பதா?

உயரமான ஜீப் ஒன்றை வாங்கிய நம்மவர்கள் அடுத்ததாகத் தேடுவது பக்கப் படிகளைத்தான். வயதான உம்மாவும் சிறு பிள்ளைகளும் ஏறி இறங்க வேண்டுமே. பஞ்சிகாவத்தையில் ஒரு சோடிப் படியை விலை பேசி முடித்ததும் கேள்வி எழுகின்றது: பொருத்துக்கூலியைக் கொடுப்பதா, ஸ்பெனரை நாமே எடுப்பதா?

பலர் கூலியை மட்டும் பார்க்கின்றனர். வியாபாரி தனது நேரத்தின் விலையையும் பார்க்க வேண்டும். கூலி 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாதவருக்கு நான்கு மணித்தியாலமாவது செல்லும். முதலாளி இல்லாத கடையில் மணிக்கு 2,000 ரூபா இலாபம் குறையுமானால், 6,000 ரூபாவை மிச்சம் பிடிக்க 8,000 ரூபாவை இழந்திருக்கிறார். அதே வேலையைக் கடை பூட்டியிருக்கும் போயா தினத்தில் செய்தால் அந்த 8,000 கணக்கில் வராது. புதிதாக சொக்கட் செட் வாங்க நேர்ந்தால் அதனையும் செலவில் எழுதுங்கள். எழுதாமல் விடுபவர்களே அதிகம்!

ஆனால் கூலியை விடப் பெரிய விடயம் துவாரம். உங்கள் வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட படியாக இருந்து, கம்பனி வைத்த துவாரங்களில் பிரெக்கட் சரியாக அமருமானால், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நாமே பொருத்தலாம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட வேண்டும். இடது, வலது பிரெக்கட்டுகளை முதலில் பிரித்து வையுங்கள். எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் முடுக்கி, படியை ஏற்றி, நேர் பார்த்த பின்னரே ஸ்பெனரால் இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்றது துவாரத்துக்கு வராது.

துவாரம் பொருந்தாவிட்டால் கதை வேறு. பிராடோவுக்குத் தனிச் செசி உண்டு. நம்மிடையே மொன்டெரோ என அறியப்படும் மிட்சுபிஷி வாகனத்திலோ, 1999இல் வந்த மூன்றாம் தலைமுறை முதல் செசியும் பொடியும் ஒன்றாகவே அமைந்துள்ளன. ஒன்றின் பிரெக்கட் மற்றதற்கு எப்படிச் சரிவரும்? "கொஞ்சம் ட்ரில் பண்ணினால் போதும்" என்று கடைக்காரர் சொன்னால் படியைத் திருப்பிக் கொடுப்பதே இலாபம். துளைத்த இடத்தில் பெயின்ட் போய்த் துரு ஏறும். கடலோர ஊர்களில் அது இன்னும் விரைவு. வெல்டிங் என்றால் அருகில் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் ஓடுவதை மறக்கலாகாது. ஏறுபவரின் முழுப் பாரமும் அந்தப் படியின் ஓரத்தில்தான் விழுகின்றது. மெல்லிய தகட்டில் இறுக்கிய பிரெக்கட் ஒருநாள் கழன்றால் விழப்போவது யார்?

கடைக்குக் கொடுப்பதானால் சாமான் விலையையும் கூலியையும் பில்லில் வேறுவேறாக எழுதச் சொல்லுங்கள். துளையிடவோ வெல்டிங் செய்யவோ மாட்டோம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். புதிதாக இறுக்கிய போல்ட்டுகள் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின்னர் சற்றுத் தளரக்கூடும். அப்போது மீண்டும் இறுக்கித் தருவது அந்தக் கூலிக்குள் அடங்குமா என்று, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.