ஒரே இடத்துக்கு இரண்டு பொருள்



ஒளியியல் கணினி மாதிரியில் ஒரு புள்ளிக்கு ஒரே ஒளிவிலகல் எண்தான் இருக்க முடியும். ஆனால் வரையும்போது இரண்டு வடிவங்கள் அதே இடத்தில் விழுந்துவிடும். அந்த இடம் எந்தப் பொருளுக்குச் சேரும் என்று சொல்வதே பொருள் முன்னுரிமை.

தர்மபுரி மாவட்டப் பாறைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய நைஸ் பாறையின் பிளவுகளில் ஏறி உறைந்த கற்குழம்பு, கறுப்பு டோலரைட் சுவராக நிற்கிறது. நிலவியல் வரைபடத்தில் அந்தப் பட்டைக்குள் நைஸின் நிறம் வராது. பிந்தி வந்ததற்கே இடம்.

மீப் என்ற எம்.ஐ.டி. மென்பொருளின் விதியும் இதுதான்: பட்டியலில் பின்னால் எழுதிய வடிவம் முன்னதை மறைக்கும். லூமெரிக்கல் என்ற மென்பொருளில் 'மெஷ் ஆர்டர்' என்ற எண் தீர்மானிக்கிறது. அங்கே சிறிய எண்ணுக்கே முதலிடம். 1 வந்தால் 2 ஒதுங்கும். பெரிய எண்தான் உயர்ந்தது என்று நினைப்பதே தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை.

சிலிக்கான் அலைநடத்தியை எடுத்துக்கொள்ளலாம். உள்ளகம் 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.48, சுற்றியுள்ள ஆக்சைடுக்கு 1.44. ஆக்சைடு உறையை உள்ளகத்தையும் சேர்த்து மூடும் ஒரே பெட்டியாக வரைவதே வழக்கம், அதுவே எளிது. உறைக்கு முன்னுரிமை போய்விட்டால் சிலிக்கான் காணாமல் போகும், ஒளியைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. மென்பொருள் அதைப் பிழை என்று சொல்லாது. மணிக்கணக்கில் ஓடி, வழவழப்பான வரைகோட்டைத் தரும். ஆபத்தே அந்த வழவழப்பில்தான்.

வளைய ஒத்ததிர்விக்கு இந்த மெஷ் ஆர்டர் எண் வரிசை இன்னும் முக்கியம். பெரிய சிலிக்கான் வட்டுக்குள் சிறிய ஆக்சைடு வட்டை வைத்தால் வளையம் கிடைக்கும்; உள்வட்டு 1, வெளிவட்டு 2, உறை 3. இரண்டு வடிவங்களுக்கு ஒரே எண் கொடுத்து முடிவை மென்பொருளிடம் விட்டுவிடுவது நல்ல பழக்கமல்ல.

மேற்பொருந்தலை அடியோடு தவிர்க்கவும் வேண்டியதில்லை. இரு துண்டுகளை விளிம்போடு விளிம்பு ஒட்ட வைத்தால் இடையில் மயிரிழை இடைவெளி விழுந்து, பின்னணிப் பொருள் அதில் நுழையலாம். ஒளி அங்கே சிதறும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைத்து, முன்னுரிமையைத் தெளிவாகக் குறிப்பதே நல்லது.

மாதிரியை ஓட்டுவதற்கு முன் ஒளிவிலகல் எண் வரைபடம் ஒன்றை எடுத்து, உள்ளகத்தின் நட்டநடுவில் மதிப்பைப் பார்த்துவிட வேண்டும். 3.48 வந்தால் சரி. 1.44 வந்தால் உறை உள்ளகத்தை விழுங்கிவிட்டது.