எல்லாம் உன் தலைக்குள்ளேயே இருந்தால் எப்படி, தங்கச்சி?

போன வருஷம் டிங்கி காய்ச்சல் வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பார்த்து அப்போதுதான் என் மகனுக்கும் உடம்பு சுட்டது. அவன் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்கு ஓடினார். "வலிப்புக்கு என்ன மருந்து சாப்பிடுகிறான்? எவ்வளவு?" என்று டாக்டர் கேட்க, "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷமாக எல்லாவற்றையும் என் தலைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டவள் நான்தான்.

சிறப்புக் கவனிப்பு வேண்டிய நம் பிள்ளைகளைப் பார்ப்பவர் ஒருவரா, இருவரா? பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர், ஸ்பீச் தெரப்பிக்கு ஒருவர், ஆக்குபேஷனல் தெரப்பிக்கு (ஓ.டி.) ஒருவர், பல்லுக்கு ஒருவர், பள்ளியில் சிறப்புக் கல்வி டீச்சர், சளி காய்ச்சலுக்கு வீட்டுப் பக்கத்து டாக்டர். ஒருவர் எழுதுவது இன்னொருவர் கண்ணில் தானாகப் படுவதில்லை. ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே மின்னணுச் சுகாதாரப் பதிவு வேண்டும் என்று 2023 ஜூனில் மலேசிய நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை சொல்கிறது. வரட்டும், நல்ல விஷயம்தான். அதுவரைக்கும் பிள்ளை வளராமல் காத்திருக்குமா? இப்போதைக்கு அந்தப் பதிவேட்டை நீதான் செய்ய வேண்டும். வேலைக்கும் போய், சமைத்து, பிள்ளையையும் பார்க்கிறாய், நேரமில்லை என்று தெரியும். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் ஒரே ஒரு பக்கம். கனமான ஃபைலை அவசரத்தில் யாரும் புரட்ட மாட்டார்கள். ஒரு தாளில் இவ்வளவு போதும்: பெயர், பிறந்த தேதி, என்ன நோய் அல்லது குறை, மருந்துகள், ஒவ்வாமை, கடைசியாகப் பார்த்த எடை, உங்கள் இருவர் போன் நம்பர். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுது. ராத்திரி அவசரப் பிரிவில் படிக்கப்போகும் தாதிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நம்பி இருக்காதே. மேலே தேதி போடு. தேதி இல்லாத தாளை எந்த டாக்டரும் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

2. '5 மில்லி' என்று மட்டும் எழுதாதே. நம் ஊர் பார்மசியில் பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் இருக்கிறது, 250 மில்லிகிராம் என்றும் இருக்கிறது. அதே கரண்டி, அளவு இரண்டு மடங்குக்கு மேல். மருந்தின் பெயர், பாட்டிலில் போட்டிருக்கும் வீரியம், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, நான்கையும் எழுது. குறுக்குவழி வேண்டுமா? எல்லாப் பாட்டிலையும் வரிசையாக நிற்க வைத்து லேபிள் தெரிய ஒரு படம் எடு. மருந்து மாறினால் படத்தையும் மாற்று, பழைய படத்தை அழித்துவிடு.

3. சின்னக் காய்ச்சலுக்குப் போனாலும் பெரிய மருந்தைச் சொல். வலிப்புக்கு கார்பமசெபின் சாப்பிடும் பிள்ளைக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் கார்பமசெபின் அளவு ஏறிப் பிள்ளை தள்ளாடும், வாந்தி எடுக்கும். பக்கத்து டாக்டர் ஜோசியரா? தாளை நீட்டினால்தானே அவருக்குத் தெரியும்! நாட்டு மருந்து, பாட்டி கொடுக்கும் கஷாயம், ஆன்லைனில் வாங்கிய வைட்டமின், அதையும் மறைக்காமல் எழுது. யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

4. குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதே. அரசாங்க கிளினிக்கில் பிறந்ததும் கொடுத்தார்களே, அதுதான். ஊசிகள், எடை, தலைச் சுற்றளவு, 18 மாதத்தில் கேட்ட ஆட்டிசம் கேள்விகள் எல்லாம் அதில் இருக்கின்றன. "எப்போது முதல் இப்படி?" என்று பத்து வயதிலும் கேட்பார்கள். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்த ஜி6பிடி என்சைம் பரிசோதனை முடிவையும் தேடி எடு. குறைபாடு இருந்தால் அது முதல் பக்கத்துக்கு வர வேண்டும். சில மருந்துகள் ஆகாது, துணி அலமாரியில் அந்துருண்டையும் ஆகாது. தெரப்பி சென்டரில் பிள்ளையைக் கவனிப்பவருக்கும் இது தெரிய வேண்டும்.

5. பெயரை எங்கும் ஒரே மாதிரி எழுது. பிறப்புப் பத்திரத்தில் உள்ள எழுத்தை அப்படியே பார்த்து எழுது. வீட்டுச் செல்லப் பெயர், நியூமராலஜி எழுத்து எதுவும் ஆஸ்பத்திரி கவுண்டருக்கு வேண்டாம். பதியும்போது பிள்ளையின் மைகிட் அடையாள அட்டை எண்ணைக் கொடு. ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயரில் இரண்டு ஃபைல் திறந்துவிட்டால் பாதி ரிப்போர்ட் அங்கே, பாதி இங்கே.

6. ஒருவரின் ரிப்போர்ட்டை அதற்குக் காத்திருக்கும் இன்னொருவரிடம் கொண்டு போ. பேச்சு வராத பிள்ளை என்றால் ஸ்பீச் தெரப்பிஸ்ட் முதலில் கேட்பது காது பரிசோதனை முடிவைத்தான். அது வேறு பிரிவு ஃபைலுக்குள் தூங்கும். நீ மூன்று மாதம் அப்பாயின்மெண்டுக்குக் காத்திருந்து வெறுங்கையோடு போய் நிற்பாய். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குத் தைராய்டு, காது, கண், இதயம் எல்லாம் பார்க்க வேண்டும். எது எப்போது பார்த்தார்கள் என்று ஒரே பட்டியலாக எழுதி வை. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் "ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேள். கூச்சப்படாதே. அது உன் பிள்ளையின் உடம்பைப் பற்றிய தாள்.

7. பள்ளிக்கு முழு ஃபைலையும் கொடுக்காதே. டீச்சருக்கு வேண்டியது நான்கு விஷயம்: எதைச் செய்தால் பிள்ளை அமைதியாகும், எது ஆகாது, பள்ளி நேரத்து மருந்து, அவசரத்தில் என்ன செய்வது. வலிப்பு உள்ள பிள்ளை என்றால் தெளிவாக எழுதிக் கொடு: பக்கவாட்டில் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, நேரம் பார், 5 நிமிடம் தாண்டினால் 999. கையில் இரும்புச் சாவி கொடுக்கும் பழக்கம் வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுது. அன்போடு செய்பவர்கள்தான், ஆனாலும் நேரம் வீணாகும். தெரப்பிஸ்ட் வைத்த இலக்கைப் பள்ளியின் தனிநபர் கல்வித் திட்டத்தில் சேர்க்கச் சொல். அங்கே ஒரு படஅட்டை, இங்கே ஒரு படஅட்டை என்றால் பிள்ளை எதைத்தான் பழகும்?

8. வீட்டு வார்த்தைகளையும் எழுது. நம் பிள்ளைக்கு வாயில் வருவது தமிழ். தெரப்பி நடப்பது மலாயிலோ ஆங்கிலத்திலோ. 'தண்ணி'க்கு அவன் என்ன சொல்வான், வயிறு வலித்தால் என்ன செய்வான், 'ஆச்சி' என்றால் யார் என்று பத்து வார்த்தை எழுதிக் கொடு. பேசவே மாட்டான் என்று ஒரு ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் அந்த வரி அடுத்த ரிப்போர்ட்டிலும் ஏறிவிடும்.

9. பேசிக் காட்டாதே, வீடியோ காட்டு. வலிப்பா, வெறித்த பார்வையா, அடம்பிடிப்பா என்பதை உன் வர்ணனையை விட அரை நிமிட வீடியோ நன்றாகச் சொல்லும். முதலில் பிள்ளையைப் பத்திரமாகப் படுக்க வை, பிறகு போனை எடு.

10. வாட்சப் குழுவில் ரிப்போர்ட்டைப் போடாதே. இதில் நான் கண்டிப்பானவள். ஆலோசனை கேட்கிறேன் என்று மைகிட் எண்ணும் பெயரும் தெரிகிற தாளை இருநூறு பேர் உள்ள குழுவில் போடுகிறார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை பெரியவனாகி வேலை கேட்டுப் போவான், அதை நினைத்துப் பார். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நலத் தகவல் நுட்பமான தகவல். சிகிச்சைக்கு அவசியமானது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தனியார் கிளினிக்கும் சென்டரும் அதைக் கையாள உன் வெளிப்படையான சம்மதம் கேட்க வேண்டும். உனக்கு ஒரு நகல் கேட்கும் உரிமையும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேள்: யார் பார்ப்பார்கள், எதற்கு, பிள்ளை படத்தை விளம்பரத்துக்குப் போடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு.

11. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டைத் தள்ளிப் போடாதே. "முத்திரை குத்திவிடுவார்கள்" என்று பயந்து வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டேன். சமூகநல இலாகாவில் ஏழு பிரிவு இருக்கிறது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் எல்லாம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். டாக்டர் கையெழுத்திட்ட பாரத்தை இரண்டு போட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டு பிறகு கொடு.

12. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறாயா? அந்தக் கூட்டத்தில் பிள்ளை கைநழுவ ஒரு நொடி போதும். சட்டைப் பைக்குள் ஒரு சின்ன அட்டை வை: 'பேச மாட்டான், சத்தம் ஆகாது', உன் போன் நம்பர். வீட்டு முகவரியும் மைகிட் எண்ணும் அதில் வேண்டாம்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யப் போய்க் களைத்துப் படுத்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டியலில் முதல் இரண்டை மட்டும் செய். அரை மணி நேரம் பிடிக்கும். மற்றதை ஒவ்வொரு அப்பாயின்மெண்டுக்கும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்.

எழுதி முடித்ததும் ஒரு பரீட்சை வை. தாளை உன் வீட்டுக்காரர் கையிலோ, மாமியார் கையிலோ கொடு. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு கேள்: ராத்திரி மருந்து எவ்வளவு? எது ஆகாது? முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? உன்னைக் கூப்பிடாமல் மூன்றுக்கும் பதில் சொன்னால் தாள் சரி. தடுமாறினால் அவர்களைக் கோபிக்காதே, தாளைத் திருத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு "மாத்திரை கொடுத்தாயா?" என்று நான் தவித்த அந்த ராத்திரி உனக்கு வர வேண்டாம்.