ஒரே வானம், இரண்டு நாள்காட்டிகள்

கற்றல் நோக்கம்: தமிழ் மாதம் பிறக்கும் முறையையும், விழா நாளும் விரத நாளும் குறிக்கப்படும் முறையையும் அறிதல்.

1. இரண்டு புத்தாண்டுகள்

மல்லேஸ்வரம், பெங்களூரு நகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. 1898ஆம் ஆண்டு நகரில் பிளேக் நோய் பரவியபின் விரிவுபெற்ற இப்பகுதிக்குக் காடு மல்லேஸ்வரர் கோயிலே பெயர் தந்தது. இதன் குறுக்குத் தெருக்களில் கன்னடக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன.

2025ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று கன்னட வீடுகள் யுகாதியைக் கொண்டாடின. வாயிலில் மாவிலைத் தோரணம். தட்டில் வேம்பும் வெல்லமும். பதினைந்து நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று தமிழ் வீடுகளில் சித்திரை பிறந்தது. அங்கும் மாவிலைத் தோரணம். வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடி. இரு வீட்டாரும் வரவேற்ற ஆண்டின் பெயரும் ஒன்றே: விசுவாவசு. அறுபது ஆண்டுப் பெயர்கள் இரு மொழியினருக்கும் பொதுவானவை.

உணவும் ஒன்று, ஆண்டுப் பெயரும் ஒன்று. நாள் மட்டும் ஏன் வேறுபட்டது? இரண்டில் எந்த நாள்காட்டி தவறானது? இவ்வையம் இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் எழுவது இயல்பு. இரண்டுமே தவறானவை அல்ல. ஒன்று கதிரவனைக் கொண்டு மாதத்தை அளக்கிறது. மற்றொன்று நிலவைக் கொண்டு அளக்கிறது.

2. மாதம் பிறக்கும் முறை

வானில் கதிரவன் செல்லும் பாதையை முன்னோர் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்தனர். கதிரவன் மேட இராசியில் நுழையும்போது சித்திரையும், மகர இராசியில் நுழையும்போது தையும் பிறக்கின்றன. ஓர் இராசியைக் கடக்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் கொண்டது ஒரு தமிழ் மாதம். பூமி கதிரவனுக்குத் தொலைவில் இருக்கும் காலத்தில் மெல்லச் சுற்றுவதால் ஆனி 32 நாள் வரை நீளும். அண்மையில் இருக்கும் காலத்தில் விரைந்து சுற்றுவதால் மார்கழி 29 நாளிலேயே முடிவதும் உண்டு. இம்முறைக்குச் சௌரமானம் என்று பெயர்.

கன்னட மக்கள் பெரிதும் பின்பற்றுவது சாந்திரமானம். அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடிவது அவர்களின் மாதம். அது ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் கொண்டது. அத்தகைய பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354 நாளே ஆகும். கதிரவனின் ஆண்டுக்கு 11 நாள் குறைவு. இக்குறை சேர்ந்துகொண்டே போனால் பருவமும் மாதமும் பொருந்தாமல் போகும். ஆகவே ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேர்க்கப்படுகிறது.

விநாயகர் சதுர்த்தி இதனை நன்கு காட்டும். அது 2023இல் செப்டம்பர் 18 அன்றும், 2024இல் செப்டம்பர் 7 அன்றும், 2025இல் ஆகஸ்ட் 27 அன்றும் வந்தது. ஒவ்வோராண்டும் 11 நாள் முன்னேறிய அவ்விழா, அதிக மாதம் வரும் 2026இல் செப்டம்பர் 14க்குத் திரும்புகிறது. தமிழரும் கன்னடரும் அதனை ஒரே நாளில் கொண்டாடுகின்றனர். மாதத்தைக் கதிரவனால் அளந்தாலும், சதுர்த்தி என்னும் திதியைத் தமிழரும் நிலவைக் கொண்டே அறிகின்றனர்.

3. மூவகை விழாக்கள்

தமிழர் விழாக்களை அவற்றின் நாள் அமையும் முறையால் மூவகையாகப் பிரிக்கலாம்.

கதிரவனால் அமைவன: சித்திரைப் புத்தாண்டு, ஆடிப்பெருக்கு, பொங்கல். இவை ஆங்கில நாள்காட்டியில் ஒரு நாள் அளவே மாறும்.

விண்மீனால் அமைவன: வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம். மாதப் பெயரோடு நிலவு சேரும் விண்மீனின் பெயரும் இணைந்து விழாப் பெயர் ஆகிறது.

திதியால் அமைவன: விநாயகர் சதுர்த்தி, சரசுவதி பூசை, தீபாவளி, கந்தசஷ்டி, வைகுண்ட ஏகாதசி, மகா சிவராத்திரி. கதிரவனிலிருந்து நிலவு 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலம் ஒரு திதி. வளர்பிறையில் பதினைந்து, தேய்பிறையில் பதினைந்து என ஒரு சுற்றில் முப்பது திதிகள் உண்டு.

கதிரவனை அடிப்படையாகக் கொண்ட நாள்களில் இரு மொழியினரும் ஒன்றுகூடுவதும் உண்டு. தமிழர் பொங்கலிடும் நாளே கன்னடர் எள்ளும் வெல்லமும் பகிரும் சங்கராந்தி. அந்நாள் மாலையில், பெங்களூரு கவிபுரத்தில் உள்ள கவி கங்காதரேசுவரர் குடைவரைக் கோயிலில், கதிரொளி நந்தியின் கொம்புகளுக்கு இடையே புகுந்து இலிங்கத்தின்மீது படுவதைக் காண மக்கள் திரள்கின்றனர்.

4. ஒரே பெயர், வேறு நாள்

முழுநிலவு நாளில் நிலவு எந்த விண்மீனின் அருகே நிற்குமோ, அதன் பெயரைக் கொண்டே மாதங்கள் பெயர் பெற்றன. ஆதலால் சைத்ர – சித்திரை, வைசாக – வைகாசி, கார்த்திக – கார்த்திகை என இரு நாள்காட்டிகளிலும் மாதப் பெயர்கள் ஒத்திருக்கின்றன. ஆயினும் அவை ஒரே நாளில் தொடங்குவதில்லை.

கன்னடரின் கார்த்திக மாதம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிவிடும். அம்மாதம் முழுவதும் அவர்கள் விளக்கேற்றுவர். அதன் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா நடைபெறும். தமிழரின் கார்த்திகையோ நவம்பர் நடுவில்தான் பிறக்கும். 2025இல் கார்த்திக மாத முழுநிலவு நவம்பர் 5 அன்றே வந்து சென்றது. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றப்பட்டது டிசம்பர் 3 அன்று. கன்னட நாள்காட்டியை மட்டும் பார்த்து நாள் குறித்த தமிழ் வீடு, ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே விளக்கேற்றி முடித்திருக்கும். அகநானூற்றிலேயே பேசப்படும் பழமை வாய்ந்தது கார்த்திகை விளக்கீடு. அதன் நாளைத் தவறவிடாமல் காப்பது நாள்காட்டி அறிவு.

பெயரும் நோக்கமும் வேறாயினும் நாள் ஒன்றாக அமைவதும் உண்டு. 2025 ஜூலை 24 அன்று தமிழர் ஆடி அமாவாசை விரதம் இருந்து முன்னோரை நினைந்து நீர்க்கடன் செய்தனர். அதே நாளில் கன்னட மகளிர் பீமன அமாவாசை நோன்பு நோற்றுக் கணவர், உடன்பிறந்தார் ஆகியோரின் நலம் வேண்டினர்.

5. விரதமும் வேளையும்

பொறுத்தல் என்னும் பொருள்படும் 'நோல்' என்ற வினையடியிலிருந்து 'நோன்பு' என்னும் சொல் பிறந்தது. பசியைப் பொறுத்து மனத்தை ஒருமுகப்படுத்துவதே அதன் கருத்து. சிறுவரும் முதியவரும் நோயுற்றவரும் பாலும் பழமும் கொண்டு எளிய முறையில் நோற்பது வழக்கம்.

திதி சரியாக 24 மணி நேரம் கொண்டதன்று. நள்ளிரவிலும் நண்பகலிலும் தொடங்கலாம். ஆகவே எந்த வேளையில் எந்தத் திதி இருக்க வேண்டும் என்ற முறையும் வகுக்கப்பட்டது. பிரதோஷத்திற்கு மாலை வேளைத் திரயோதசி. சிவராத்திரிக்கு நள்ளிரவுச் சதுர்த்தசி. தீபாவளி நீராட்டுக்கு விடியற்காலைச் சதுர்த்தசி. ஏகாதசியன்று உண்ணாதிருப்போர் மறுநாள் துவாதசியில் பாரணை செய்வர். அவ்வுணவில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இடம்பெறும். காரடையான் நோன்பு இவற்றினின்றும் வேறானது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையே அதற்குரியது. கதிரவன் இராசி மாறும் நேரம் இரவில் அமைந்தால், அடையும் வெண்ணெயும் படைப்பதும் இரவிலேயே நடைபெறும்.

சொந்த ஊரில் நாளை நினைவூட்டக் கோயில் மணி உண்டு, தெருக்கோலம் உண்டு, பூக்காரரின் குரலும் உண்டு. வெளி மாநிலத்தில் வாழும் தமிழ் வீட்டில் அப்பணியைச் செய்வது சுவரில் தொங்கும் நாள்காட்டியே. அதன் தாளில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே அச்சிடப்பட்டிருக்கும் தமிழ்த் தேதி, திதி, விண்மீன் ஆகிய மூன்றையும் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் இருப்பின், அவ்வீட்டில் எந்த நல்ல நாளும் அறியாமலே கடந்துபோகாது.

சொற்பொருள்

விண்மீன் – நட்சத்திரம்
பாகை – வட்டத்தை 360ஆகப் பகுத்ததில் ஒரு பங்கு
குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்த கோயில்
நீர்க்கடன் – முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்தல்
பாரணை – விரதம் முடித்து உண்ணுதல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. யுகாதியும் சித்திரைப் புத்தாண்டும் வெவ்வேறு நாள்களில் வருவது ஏன்?
2. பொங்கல், தைப்பூசம், கந்தசஷ்டி ஆகியவற்றின் நாள் எவ்வெவற்றால் அமைகிறது?
3. அதிக மாதம் சேர்க்கப்படாவிடின் விநாயகர் சதுர்த்திக்கு என்ன நேரும்?

ஆ. சிந்தித்து விடை காண்க.
வைகுண்ட ஏகாதசி 2024இல் ஒருமுறையும் வரவில்லை; 2025இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என இருமுறை வந்தது. மார்கழி மாதம் எந்த ஆங்கில மாதங்களில் அமைகிறது என்பதைக் கொண்டு காரணம் கூறுக.

இ. செயல்பாடு
வீட்டில் உள்ள தமிழ் நாள்காட்டியில் இம்மாதத்து அமாவாசை, பௌர்ணமி, ஏகாதசி, பிரதோஷம், கிருத்திகை ஆகிய நாள்களைக் கண்டறிந்து பட்டியலிடுக. அண்டை வீட்டுக் கன்னட நாள்காட்டியில் அந்நாள்களுக்கு வழங்கும் மாதப் பெயரையும் கேட்டு, அருகில் எழுதுக.