எங்கள் தொகுதிக்குக் கோடு போட்டது யார்?

(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு)



2024 ஏப்ரல் 19. நான் முதன்முதலாக ஓட்டுப் போட்ட நாள். கந்தர்வகோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற அப்பத்தா திரும்பிப் பார்த்து, "ஏண்டா தம்பி, நாம புதுக்கோட்டைக்காரங்க. திருச்சி எம்.பி.க்கு நாம எதுக்குடா ஓட்டுப் போடுறோம்? புதுக்கோட்டை எம்.பி. சீட்டு எங்கடா போச்சு?" என்று கேட்டது.

எனக்குப் பதில் தெரியவில்லை. திருச்சியில் சிவில் டிப்ளமோ படிக்கிறேன். செயின் பிடித்து நிலம் அளக்கக் கற்றவன்! ஆனால் சொந்தத் தொகுதியின் எல்லையை யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்று தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

திருச்சி தொகுதியின் கதை

திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதி முதல் பொதுத் தேர்தலிலிருந்தே இருந்து வருகிறது. அந்தத் தேர்தலில் வென்றவர் டாக்டர் மதுரம். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை! 1962-லும் 1967-லும் அனந்த நம்பியார், 1971-லும் 1977-லும் எம். கல்யாணசுந்தரம் என்று நான்கு தேர்தல்களில் கம்யூனிஸ்டுகள் வென்றார்கள். கோயில் நகரத்தில் இது எப்படி என்று கேட்கலாம். பதில் பொன்மலையில் இருக்கிறது. ரயில்வே ஒர்க்ஷாப் அங்கு வந்த பிறகு ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தத் தொழிற்சங்கப் பாரம்பரியம்தான் ஓட்டுப் பெட்டியிலும் பேசியது எனலாம்.

1984 முதல் 1996 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் அடைக்கலராஜ் வென்றார். 1998, 1999-ல் ரங்கராஜன் குமாரமங்கலம். மத்திய மின்துறை அமைச்சராக இருக்கும்போதே 2000-ல் அவர் காலமானார். ஆக, இந்தத் தொகுதி சுயேச்சை, காங்கிரஸ், கம்யூனிஸ்ட், தி.மு.க., த.மா.கா., பா.ஜ.க., அ.தி.மு.க., ம.தி.மு.க. என்று எல்லோருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 2024-ல் நானும் அப்பத்தாவும் ஓட்டுப் போட்ட தேர்தலில் வென்றவர் ம.தி.மு.க.வின் துரை வைகோ.

2008-ல் மாறிய கோடு

ஒரு மக்களவைத் தொகுதிக்குள் தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். முன்பு திருச்சிக்குள் இருந்தவை ஸ்ரீரங்கம், திருச்சி-1, திருச்சி-2, திருவெறும்பூர், லால்குடி, முசிறி. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் உத்தரவு 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. லால்குடியும் முசிறியும் பெரம்பலூருக்குப் போயின. பதிலாக, தெற்கே இருந்து புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் (தனி) வந்தன. ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர் ஆகியவை மற்ற நான்கு.

இதன் விளைவைப் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் பெரம்பலூர் தொகுதி. 236 அடி ராஜகோபுரம் கண்ணுக்குத் தெரியும், எம்.பி. வேறு! அதே நேரம், முந்திரிக் காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் கிராமம் திருச்சி தொகுதி.

புதுக்கோட்டைக்கு நடந்தது இன்னும் பெரிய கதை. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம் அது. 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974-ல் தனி மாவட்டம் ஆனது. முதல் தேர்தலிலேயே புதுக்கோட்டைக்கு எம்.பி. உண்டு. 2004-ல் ரகுபதி வென்றதே கடைசி. 2008-ல் தொகுதியே இல்லாமல் போயிற்று. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயம், ஆலங்குடி சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. அப்பத்தா தேடிய சீட்டு நாலு துண்டாகிவிட்டது!

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஸ்ரீரங்கத்து நண்பன், "அப்ப உங்களுக்கு நாலு எம்.பி., லாபம்தானே மச்சான்?" என்றான். லால்குடி நண்பன் விடவில்லை: "நாலு வீட்டுக்கு விருந்தாளியாப் போறவனுக்கு எந்த வீட்லயும் இலை கடைசியாத்தான் விழும்." இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆணையத்தின் பக்கமும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 39 இடம்தான். 2001 கணக்கெடுப்பின்படி ஓரளவு சமமான மக்கள் தொகையோடு அதைப் பிரிக்க வேண்டும். எனவே பழனி, சிவகாசி, திருச்செந்தூர் போன்ற பெயர்கள் மறைந்தன. தேனி, திருப்பூர், கள்ளக்குறிச்சி பிறந்தன. நிலம் கச்சிதமாக இருக்கிறதா, ஆறு மலை எப்படி, நிர்வாக எல்லை எது, போக்குவரத்து உண்டா, மக்களுக்கு வசதியா என்றெல்லாம் பார்க்கச் சட்டம் சொல்கிறது. "இவர்கள் காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

புதுச்சேரியும் கனடாவும்

ஆனால் வரலாற்றைப் பார்த்துப் போட்ட கோடும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாகி, ஆந்திரா பக்கம் ஏனாம். தமிழ், மலையாளம், தெலுங்கு என மூன்று மொழி. ஒன்றோடொன்று ஒட்டாத நிலம். ஆனாலும் ஒரே எம்.பி. காரணம், 1954 வரை அவை ஒன்றாகப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன.

கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் அகாடி-பாதர்ஸ்ட் என்றொரு தொகுதி. பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசுகிற அகாடியர்கள். 2003-ல் அங்கே எல்லையைத் திருத்தியபோது, அத்தொகுதியின் சில ஊர்களைப் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற மிராமிஷி தொகுதியில் சேர்த்தார்கள். மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்நாட்டுச் சட்டம் மக்கள் தொகையில் 25 சதவீதம் வரை கூடுதல் குறைவை அனுமதிக்கிறது; அப்படியிருக்க, எண்ணிக்கைக்காக ஒரு சமூகத்தின் பிணைப்பைப் பிரித்தது சரியல்ல என்று 2004-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி எல்லையைத் திருத்தியது.

நம் நாட்டில் அப்படி வழக்குப் போட முடியுமா? அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. 1966-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உத்தரவு அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024-ல் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நமக்கான பாடம்

சர்வே கேம்ப்பில் நமக்கு முதலில் சொல்லித் தருவது என்ன? களத்தை விட்டு வருவதற்கு முன்னால் செக் லைன் அளந்து பார். பிளான் வரைந்து மை காய்ந்த பிறகு தப்பு தெரிந்து பயனில்லை. தொகுதி எல்லையும் அப்படித்தான். ஆணையம் முதலில் வரைவை வெளியிட வேண்டும். ஆட்சேபணை கேட்க வேண்டும். பொது அமர்வு நடத்த வேண்டும். அந்தச் சில வாரங்கள்தான் மக்களின் செக் லைன். அது கடந்தால் தலைமுறைக்கும் அதே கோடு. 1973-ல் அமைக்கப்பட்ட ஆணையம் போட்ட கோடு 2008 வரை நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்தி வைத்து, 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை தள்ளிப்போட்டது 84-ஆவது திருத்தம். அடுத்த வரைபடம் வரும்போது நம்மில் பலர் ஓவர்சீயராகவோ டிராஃப்ட்ஸ்மேனாகவோ வேலையில் இருப்போம். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். வரைவு வெளிவரும் நாளில் நம் ஊர் எந்தப் பக்கம் விழுகிறது, பக்கத்து ஊர் எங்கே போகிறது என்று பார்த்து, ஊர்ப் பெரியவர்களுக்கு எளிமையாகச் சொல்லி, மனு எழுத உதவ வேண்டாமா?

போன விடுமுறையில் அப்பத்தாவுக்கு இதையெல்லாம் தாளில் வரைந்து காட்டினேன். நாலு துண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை அப்பவே யாரும் எங்களுக்குச் சொல்லலையேடா" என்றது.

அடுத்த முறை அந்தச் சொல் நம் ஊர்களில் கேட்கக்கூடாது, நண்பர்களே. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்!