பழைய சத்திரங்களைக் காத்த மலைக் கிராமம்

வழிப்போக்கர் வந்து தங்குவதால் ஒரு கிராமத்திற்கு ஜீவனம் உண்டாகுமானால், அவ்வருவாய்க்கு மூலகாரணம் யாது? வீட்டின் அழகா, உணவின் ருசியா, அன்றி ஊரார் கூடிச் செய்துகொண்ட கட்டுப்பாடா? இதனை ஆராய்ந்து தெளிவதற்கு ஜப்பான் தேசத்தில் நாகனோ மாகாணத்திலுள்ள த்ஸுமாகோ என்னும் சிற்றூர் தக்க உதாரணமாகும்.

பூர்வ நிலை

தோக்கியோ நகருக்கு முற்காலத்தில் எடோ என்று பெயர். எடோவையும் கியோட்டோவையும் மலைகளினூடே இணைத்த நக்காஸெந்தோ என்னும் பெருவழி ஏறக்குறைய 330 மைல் நீளமுள்ளது. அவ்வழியில் பிரயாணிகள் தங்குவதற்கென 69 ஊர்கள் ஏற்பட்டிருந்தன. அவற்றுள் 42-ஆவது, கிஸோப் பள்ளத்தாக்கிலுள்ள த்ஸுமாகோ. பரிவாரங்களுடன் எடோவுக்குச் செல்லும் பிரபுக்கள் தங்க ஒரு பெரிய மாளிகையும், அதற்கு அடுத்த தரமான மற்றொரு மாளிகையும், சாமானிய ஜனங்களுக்குப் பல சத்திரங்களும் அங்கிருந்தன. சுமை தூக்குவோர், குதிரை நடத்துவோர், சமைப்போர் யாவரும் அப்பாதையை நம்பியே பிழைத்தனர்.

1911-ஆம் ஆண்டில் கிஸோப் பள்ளத்தாக்கின் வழியே ரயில் பாதை பூர்த்தியாயிற்று. அது த்ஸுமாகோவைத் தொடாமல் விலகிச் சென்றது. நடந்து வருவோர் அருகினர், சத்திரங்கள் வெறுமையடைந்தன, வாலிபர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். பழைய வீட்டை இடித்துப் புதிய வீடு கட்டுவதற்கும் கையில் பணமில்லை. அவ்வறுமையே பழைய தெருவை அழியாமல் வைத்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

புனருத்தாரணம்

1968-இல் பழுதுற்ற வீடுகளைப் பழைய முறைப்படியே செப்பனிடும் வேலை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே ஊரார் ‘த்ஸுமாகோவை நேசிப்போர் சங்கம்’ என்ற பெயரால் ஒன்றுகூடினர். 1971-இல் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் சாரம் மூன்றே விதிகள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை.

இவ்விதிகள் சொல்வதற்கு எளியன, அனுசரிப்பதற்கோ அரியன. ஊர் பெயர் பெற்றபின் நல்ல விலை கொடுக்க வெளியூரார் வருவர். குடும்பத்தில் செலவு நேர்ந்த சமயத்தில் அவ்விலையை மறுப்பது எளிதன்று. ஆயினும் ஒரு வீடு வெளியார் கைக்குப் போய் அங்கே பளபளப்பான கடை எழும்புமானால், அண்டை வீடுகளின் மதிப்பும் கெடும் என்பதை ஊரார் உணர்ந்தனர். வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் சங்கத்தின் குழுவுக்குத் தெரிவித்தே செய்தல் வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று.

இதன் பின்னர், 1976-இல், ஜப்பான் அரசாங்கம் முதன்முதலாகக் காப்புக்குரியனவாகத் தேர்ந்தெடுத்த பழைய வீதிப் பகுதிகளுள் த்ஸுமாகோவும் ஒன்றாயிற்று. வீதி மட்டுமன்றிச் சுற்றியுள்ள மலையும் வயலும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 ஏக்கர் நிலம் அக்காப்பில் அடங்கிற்று. ஊராரின் கட்டுப்பாடு முந்திற்று. அரசாங்கத்தின் முத்திரை பிந்திற்று.

அங்கே தங்கும் முறை

மாகோமே என்ற அடுத்த ஊரிலிருந்து மலைக் கணவாயைக் கடந்து ஐந்து மைல் தூரம் நடந்து இவ்வூருக்கு வருவது பிரயாணிகளின் வழக்கம். பகற்பொழுதில் பிரதான வீதியில் மோட்டார் வண்டிகள் செல்வதில்லை. மின்சாரக் கம்பிகளும் வீதியில் கண்ணுக்குப் புலப்படா.

விடுதிகளைக் குடும்பத்தாரே நடத்துகின்றனர். பிரயாணி வாசலில் பாதரட்சையைக் கழற்றிவிட்டு உள்ளே செல்ல வேண்டும். அறைகளில் கோரைப் பாய் பதித்த தரையும், மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகளும் உள்ளன. கட்டில் இல்லை, இரவில் தரையிலேயே மெத்தை விரிக்கப்படும். ஸ்நான அறை பொதுவானது. உடம்பை வெளியே நன்கு கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அடுத்தவரும் அந்நீரையே உபயோகிப்பர். மாலையில் குறித்த நேரத்தில் ஆற்று மீனும், மலைக் கீரைகளும், சோறும் பரிமாறப்படும். சுவர்கள் மெல்லியன, ஆதலின் இரவில் உரக்கப் பேசலாகாது.

பெரிய ஹோட்டலின் சௌகரியங்களை நாடுவோர்க்கு இவை குறைகளாகத் தோன்றலாம். ஆயினும் இருட்டிய பின் கடைகள் மூடப்பட்டு, விளக்குகள் மங்கலாக எரியும் அமைதியான தெருவில் நிற்பவருக்கு, தாம் எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்பது விளங்கும். அத்தெருத் தோற்றத்தை எந்த ஒரு விடுதிக்காரரும் தனியே விற்க இயலாது. அஃது ஊர் முழுவதற்கும் உரிய பொது முதல்.

நாம் அறிய வேண்டுவது

சங்கத்தில் ஒவ்வொரு அங்கத்தினரும் பங்குத் தொகை செலுத்துகிறார். பல பங்குகள் சேர்ந்தே மூலதனம் ஆகிறது. த்ஸுமாகோவில் ஒவ்வொருவர் வீட்டின் முகப்பும் அவர் செலுத்திய பங்கு போன்றது. தம் பங்கைத் தம் இஷ்டப்படி கலைப்பவர் பிறர் மூலதனத்தையும் கலைக்கிறார். உபவிதிப் புஸ்தகத்தில் எத்தனை விதிகள் எழுதியிருந்தாலும், நஷ்டம் வருகிற நாளில் அனுசரிக்கப்படும் விதியே உண்மையான விதி.

கட்டுப்பாடு எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று எண்ணுதலும் தவறு. அம்மலை நாட்டில் முதியோர் பெருகி இளைஞர் குறைந்து வருகின்றனர். ஒரு குடும்பத்தில் விடுதியை ஏற்று நடத்த வாரிசு இல்லையெனில், விற்பதில்லை என்ற விதி வீட்டைக் காக்கும், அடுப்பை மூட்டாது. ஆதலின், முதியோர் செய்த உடன்படிக்கையை இளைஞரும் தமதாக ஏற்கும்படி அவர்களைக் காலத்தே பொறுப்பில் சேர்த்தல் அவசியம்.

சங்கக் கூட்டத்தில் யோசித்தற்குரிய கேள்விகள்

1. நம் ஊரில் ஒருவருக்கே சொந்தமாயிருந்தும், அனைவர்க்கும் பயன் தருவது எது?

2. அதனைக் காக்க ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்க வேண்டுவது யாது?

3. விட்டுக்கொடுத்ததால் நஷ்டமடையும் ஏழை அங்கத்தினருக்குச் சங்கம் எவ்வாறு கைகொடுக்கும்?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்ட பின்னரே முதலிரண்டையும் தீர்மானமாக எழுதுதல் நலம்.